ஆடிச்சுற்று முடிந்த பிறகும் நடப்போமா?



ஆடித்தபசுக்குக் கொடி ஏறிவிட்டால் நம் சங்கரன்கோவிலில் நடக்காதவர் யார்? ஆடிச்சுற்று என்று கோவிலை 108, 501 என எண்ணிக்கை வைத்துச் சுற்றுகிறார்கள். வருடம் முழுக்கக் கல்லாவை விட்டு எழாத நம் கடைக்காரர்களும் சுற்றுகிறார்கள். முழங்கால் வலி, மூச்சு வாங்குகிறது என்ற பேச்செல்லாம் அப்போது கிடையாது. திருவிழா 12 நாள். அடுத்த வாரம் பார்த்தால் பழையபடி கல்லா, காப்பி, வடை!

நமக்கு மனவுறுதி இல்லை என்று நம்மை நாமே ஏசிக்கொள்கிறோம். விஷயம் அதுவல்ல. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்து 2009-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு புதுச் செயல் தானாக நடக்கும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. 12 நாளில் நம் நடை நின்றுபோவதில் என்ன ஆச்சரியம்? இடையில் ஒருநாள் தவறினால் பெரிய நஷ்டமில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. நாள்வழியில் ஒருநாள் பற்று எழுத விட்டுப்போனால் பேரேட்டையே கிழித்தா போடுகிறோம்? நடையில் மட்டும் அப்படித்தான் செய்கிறோம்.

விடியற்கால நடை நம் தொழிலுக்கு ஒத்துவராது. அந்நேரம்தான் லாரி வந்து நிற்கும். மூட்டையை எண்ணி இறக்காவிட்டால் அன்றைய வியாபாரம் போச்சு. ஆகவே டாக்டர் சொன்னார் என்று காலை 5 மணிக்குக் கிளம்பியவர்கள் பெரும்பாலும் நின்றுவிட்டார்கள். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகம் சர்க்கரை நோயாளிகள் 41 பேரிடம் செய்த ஆய்வு 2016-ல் வந்தது. ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளையும் சாப்பிட்டதும் 10 நிமிடம் நடந்தபோது, சாப்பாட்டுக்குப் பிந்திய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 22 சதவீதம். நமக்கு இதுதான் தோது. மதியம் கேரியரைக் கழுவி வைத்ததும் பையனைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டுத் தெருக்கோடி வரை போய் வரலாம். வாரம் 210 நிமிடம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் கேட்பது 150 தான்.

ஓர் எச்சரிக்கை. சர்க்கரையால் கால் மரத்துப்போன நம் நண்பர் ஒருவர் வெறுங்காலோடு ஆடிச்சுற்று சுற்றினார். கல் குத்தியது தெரியவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்காரம்மாதான் பாயில் ரத்தக்கறையைப் பார்த்தார். புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று, கடை பாதி நாள் அடைத்துக் கிடந்தது. கால் மரத்தவர்கள் சுற்றுவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள், தினமும் இரவு உள்ளங்காலைப் பாருங்கள். தெருவில் நடக்கையில் செருப்பில்லாமல் நடக்காதீர்கள்.

சென்ற ஆடியில் நாங்கள் ஆறு பேர் இரவு நடையைத் தொடங்கினோம். தீபாவளிச் சரக்கு வந்த வாரம் நடை அடியோடு நின்றது. மறுபடி தொடங்கியபோது நால்வர்தான் வந்தோம். மற்ற இருவரின் வீட்டு வாசலில் தினமும் நின்று இன்னமும் குரல் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.