சக்கரமே இல்லாத போர் விமானம்: தோற்றுப்போன ஜெட்டை ஏன் மாடலாகக் கட்டுகிறார்கள்?

விமான மாடல் கிட் ஒன்றைப் பிரித்தால் உடல், இறக்கை, காக்பிட், சக்கரம் என எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டியபடி இருக்கும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டியதுதான். ஆனால் மெக்டோனல் எக்ஸ்எஃப்-85 'காப்ளின்' கிட்டில் விமானத்துக்கான சக்கரத்தைத் தேடாதீங்க. கம்பெனி மறந்துவிடவில்லை. நிஜ விமானத்துக்கே சக்கரம் கிடையாது!

இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம். அமெரிக்கா பி-36 என்ற ராட்சதக் குண்டுவீச்சு விமானத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தது. கண்டம் விட்டுக் கண்டம் போய்த் திரும்ப வேண்டிய விமானம். அவ்வளவு தூரம் துணைக்குப் போக அன்றைய ஜெட்களுக்கு எரிபொருள் பத்தாது. அப்போ பாதுகாப்பு? ஒரு குட்டி ஜெட்டை அதன் வயிற்றுக்குள்ளேயே வைத்துவிடலாம். எதிரி வந்தால் இறக்கிவிடலாம். சண்டை முடிந்ததும் கொக்கியில் மாட்டி உள்ளே இழுத்துக்கொள்ளலாம். கேட்க நல்லாத்தான் இருக்கு.

1945-ல் இரண்டு சோதனை விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். குண்டு வைக்கும் அறைக்குள் அடங்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனைதான் மொத்த வடிவத்தையும் தீர்மானித்தது. நீளம் சுமார் 4.5 மீட்டர். இறக்கைகள் மேல்நோக்கி மடங்கும். முட்டைக்கு வால் முளைத்த மாதிரி ஓர் உருவம். சக்கரம் இடத்தை அடைக்கும், எடையும் கூடும் என்று அதையும் எடுத்தாச்சு. அவசரமாகத் தரையிறங்க அடிவயிற்றில் ஒரு சறுக்குப்பட்டை, அவ்ளோதான்.

1948 ஆகஸ்ட் 23. கலிஃபோர்னியாவில், மாற்றியமைக்கப்பட்ட ஒரு பி-29 விமானத்திலிருந்து சோதனை பைலட் எட்வின் ஷோக் முதல்முறை காப்ளினில் தனியாகப் பறந்தார். பிரிந்து போவதில் பிரச்னை இல்லை. திரும்ப மாட்டுவதில்தான் சிக்கல். பெரிய விமானத்தின் அடியில் ஓடும் காற்று இந்தக் குட்டி ஜெட்டைத் தூக்கித் தூக்கி அடித்தது. சுமார் 10 நிமிடம் போராடினார். கடைசியில் மேலிருந்து தொங்கிய ட்ரபீஸ் கம்பியில் மோதி, காக்பிட் கண்ணாடி நொறுங்கியது. ஹெல்மெட்டும் ஆக்ஸிஜன் மாஸ்க்கும் பிய்த்துக்கொண்டு போயின. அந்த நிலையிலும் முரோக் வறண்ட ஏரிப் படுகையில் வயிற்றால் சறுக்கி உயிரோடு இறங்கினார்.

மொத்தம் 7 முறைதான் பறந்தது. கொக்கி ஒழுங்காக மாட்டியது 3 முறை. அனுபவசாலியான சோதனை பைலட்டுக்கே இந்தப் பாடு என்றால், போர் நடுவே சாதாரண பைலட் என்ன செய்வார்? 1949-ல் திட்டத்தை மூடிவிட்டார்கள். வானிலேயே எரிபொருள் நிரப்பும் முறை அதைவிட நல்ல வழியாகத் தெரிந்தது.

சரி, இதை யார் கிட்டாகப் போடுகிறார்கள்? பெரிய கம்பெனிகளின் எஃகு அச்சுக்குச் செலவு ரொம்ப அதிகம். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் கட்டும். எஃப்-16 விற்கும், காப்ளின் விற்காது. அதனால் செக் நாட்டின் ஸ்பெஷல் ஹாபி போன்ற சின்ன நிறுவனங்கள், குறைந்த எண்ணிக்கைக்கான மலிவான அச்சில் இவற்றைப் போடுகின்றன. அதற்கான விலையைக் கட்டுபவர்தான் கொடுக்கணும். இந்த வகை கிட்களில் பாகங்களைச் சரியாகப் பொருத்த உதவும் முளைகள் பெரும்பாலும் இருக்காது. ஓரங்களில் பிளாஸ்டிக் பிசிறு நிற்கும். பிளாஸ்டிக்குக்கான பசை, பிளாஸ்டிக்கையே உருக்கி இணைக்கும். ஆனால் ரெசின், உலோகத் துண்டுகளுக்கு அது வேலைக்காகாது, ஃபெவிக்விக் மாதிரி ஒன்று வேண்டும்.

1/72 அளவு என்றால் நிஜத்தில் 72 செ.மீ. என்பது மாடலில் 1 செ.மீ. ஆக, முழு காப்ளினும் 6 செ.மீ. சொச்சம், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம். பக்கத்தில் அதே அளவில் ஒரு பி-29-ஐ வைத்தால் அதன் இறக்கை சுமார் 60 செ.மீ. இருக்கும். ஷோக் எதன் அடியில் போய் நின்றார் என்பது அப்போதுதான் உறைக்கும். விக்கிபீடியா படம் இதைச் சொல்லாது என்பது என் கருத்து.

கட்டும்போது இன்னொரு கேள்வியும் வரும். தள்ளாட்டத்தைக் குறைக்க, சோதனைகளின் நடுவே இறக்கை நுனிகளில் சின்னத் துடுப்புகளைச் சேர்த்தார்கள். நீங்கள் கட்டுவது எந்த நாளின் காப்ளின்? முதல் நாள் என்றால் துடுப்பை ஒட்டக் கூடாது. பழைய போட்டோக்களைத் தேடித்தான் முடிவெடுக்கணும்.

எல்லாம் ஒட்டி முடித்து மேஜையில் வைத்தால் உருண்டு சாயும். அதனால் தரையில் நிற்க ஒரு குட்டித் தள்ளுவண்டி தேவை. ஓஹையோவில் உள்ள அமெரிக்க விமானப் படை அருங்காட்சியகத்திலும் நிஜ காப்ளின் தள்ளுவண்டியில்தான் நிற்கிறது.