காகம் கரைந்தால் ஸ்பானிஷில் என்ன?

மும்பை மாட்டுங்காவில் ஜன்னல் கம்பியில் காகம் விடாமல் கரைகிறது. விருந்தாளி வரப்போகிறார் என்கிறார் பாட்டி. தாராவியில் மித்தி ஆற்றுப் பக்கம் மேகம் கறுத்து வருகிறது. தரைத்தளத்தில் இருப்பவர்கள் அரிசி டப்பாவைப் பரணில் ஏற்றுகிறார்கள். இரண்டும் வரப்போவதைச் சொல்பவைதான். ஆனால் ஸ்பானிஷ் படிக்கும் பேத்தி இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட முடியாது.

நம் பேச்சையே கவனியுங்கள். கண் வலியும் உடம்பு வலியும் டெங்குவின் அறிகுறி. சகுனம் என்று சொல்ல மாட்டோம். பூனை குறுக்கே போனால் சகுனம்; அதை அறிகுறி என்றால் சிரிப்பார்கள். கண்ணில் பட்டதற்கும் நடக்கப்போவதற்கும் நடுவே காரணம் தெரிந்தால் அறிகுறி, நம்பிக்கை மட்டும் இருந்தால் சகுனம்.

ஸ்பானிஷும் ஏறக்குறைய இங்கேதான் பிரிகிறது. கறுத்த மேகம் 'இந்தீசியோ'. நோயின் அறிகுறி 'சிந்தோமா'. கொலாபா வானிலை மையம் கணக்குப் போட்டுச் சொல்வது 'ப்ரொனோஸ்திகோ'. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. அதே ஊரில் கொலாபாவில் 73தான். இப்படிப்பட்ட வானத்தில் கணிப்பு தவறலாம். தவறினாலும் அது குறி சொல்வது ஆகிவிடாது (நனைந்து வீடு திரும்பியவர் கோபத்தில் சொல்வது வேறு கதை).

சகுனத்துக்குத்தான் சொற்கள் அதிகம். பூனை, பல்லி வகை மூடநம்பிக்கைக்கு 'அகுவேரோ'. பெரும்பாலும் கெட்டதற்கே வரும். 'அவுகூரியோ' இருபுறமும் செல்லும், பாட்டியின் காகத்துக்கு நல்ல அவுகூரியோ பொருந்தும். 'ப்ரெசாஹியோ' கதை, கவிதைக்கு உரியது. பேச்சில் போட்டால் கொஞ்சம் கனக்கும். மனசுக்குள் ஏதோ படுகிறது என்றால் 'கொராசொனாதா'; இதயம் என்ற சொல்லிலிருந்து பிறந்தது.

அகுவேரோவும் அவுகூரியோவும் ஒரே லத்தீன் சொல்லின் பிள்ளைகள். பறவை பறக்கும் திசையைப் பார்த்துப் பலன் சொன்ன ரோமானியப் பூசாரிகளின் தொழிலுக்கு அந்தப் பெயர். எப்போதும் கெட்டதையே பேசுகிறவரை ஸ்பானியர் 'அபசகுனப் பறவை' என்றே திட்டுகிறார்கள். சகுனம் என்ற சொல்லுக்கும் வடமொழியில் பறவை என்று பொருள். பழந்தமிழில் 'புள்' பறவையையும் நிமித்தத்தையும் குறித்தது.

இன்னொன்று. 13ஆம் தேதி செவ்வாய்க்கிழமையில் வந்தால் ஸ்பெயினில் கல்யாணம் வேண்டாம் என்பார்கள். செவ்வாயில் நல்ல காரியம் தொடங்காத பாட்டிக்கு இதைப் பேத்தி மொழிபெயர்க்கவே வேண்டாம்.