குளிப்பாட்டினாலும் போகாத உண்ணி... உங்க வீட்டுச் சுவரைப் பார்த்தீங்களா?

திருச்செந்தூர் பக்கம் சாயங்காலம் நாயோட ஒரு நடை போயிட்டு வர்றீங்க. ராத்திரி அது காதைச் சொறியும்போதுதான் கவனிக்கிறீங்க... காது மடலுக்குள்ள மிளகு மாதிரி உண்ணி! ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தாச்சு. ஆனா, கொஞ்ச நாள்ல மறுபடியும் வந்துடுது. எங்கே இருந்து? பெரும்பாலும் உங்க வீட்டுக்குள்ளே இருந்துதான்.

நம்ம ஊர் நாய்களிடம் அதிகம் இருப்பது பழுப்பு நாய் உண்ணி. முட்டையிலிருந்து வரும் குஞ்சு, நாயின் ரத்தத்தைக் குடித்துவிட்டுக் கீழே விழும். தோலுரித்து வளர்ந்து மறுபடி ஏறும். இப்படி மூன்று முறை. கடைசியில் உப்பிப்போன பெண் உண்ணி சுவர் விரிசல், கதவு நிலை என இடுக்கு பார்த்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இதற்குக் காடு, புல்வெளி எதுவும் வேண்டாம். குளிரே தெரியாத கடலோர ஊரில் வருஷம் முழுக்க அதுக்கு சீசன்தான்.

அரிப்போடு போனால் பரவாயில்லை. எர்லிச்சியா, பெபேசியா போன்ற கிருமிகளையும் இது ரத்தத்தில் ஏற்றிவிடும். காய்ச்சல், சாப்பிடாமல் சுருண்டு படுப்பது, ஈறு வெளுப்பது, சிறுநீர் காபி நிறத்தில் போவது, மூக்கில் ரத்தம்... இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்க. வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட நாய்களைக் கொன்றது இந்த எர்லிச்சியாதான். ஆரம்பத்திலேயே ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்தால், டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் குணமாகும். வழக்கமாக 28 நாள் கொடுக்கணும். நாலாம் நாளே வாலாட்டுதேன்னு நீங்களா நிறுத்திடாதீங்க.

சரி, நமக்கு? இந்த உண்ணி மனிதர்களைக் கடிப்பது குறைவு. கடித்தால் ‘இந்தியன் டிக் டைபஸ்’ என்ற காய்ச்சல் வரலாம். நகத்தால் நசுக்கும்போது சிதறுவது காயத்திலோ கண்ணிலோ பட்டாலும் ஆபத்து. ‘டப்’புன்னு சத்தம் வர்ற வரைக்கும் நசுக்குற பழக்கம் நம்ம வீடுகளில் இருக்கே, அதை இன்னைக்கே விட்டுடுங்க.

இங்கே ஒரு பெயர்க் குழப்பம். 2025 தொடக்கத்தில் தமிழக சுகாதாரத் துறை எச்சரித்த ஸ்க்ரப் டைபஸையும் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்றுதான் சொல்கிறோம். அதைப் பரப்புவது நாய் உண்ணி அல்ல. புதரில் இருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு. அதனால் பழியை நாய்மேல் போட வேண்டாம். ஆனால், விடாத காய்ச்சல், தலைவலியோடு உடம்பில் சிகரெட் சுட்டது மாதிரி கறுப்புப் பொருக்கு இருந்தால், ‘வீட்ல நாய் இருக்கு, புதர்ப் பக்கம் போனேன்’ என்று டாக்டரிடம் நீங்களே சொல்லிடுங்க.

உண்ணியை எடுக்க ட்வீசர் போதும். தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போடுங்க. மண்ணெண்ணெய், ஊதுபத்திச் சூடு எதுவும் வேண்டாம். மாதம் ஒருமுறை அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் உண்ணி மாத்திரைகள் இருக்கு. எடை பார்த்து டாக்டர்தான் தரணும். நாய்க்கு வலிப்பு வந்திருந்தால் முன்பே சொல்லுங்க. நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போட்டுடாதீங்க, உயிருக்கே ஆபத்து.

அடுத்து வீடு. படுக்கைத் துணியைக் கொதிநீரில் அலசுங்க. சுவர் விரிசலை சிமென்ட் பூசி அடைங்க. மருந்து அடிக்கும்போது நாயை வெளியே கட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளே விடுங்க. ஒரு தடவை அடிச்சா முட்டை தப்பிச்சிடும்; சில வாரம் கழித்து மறுபடி அடிக்கணும். டார்ச் எடுத்துக்கிட்டு கதவு நிலையின் மேல்பக்கத்தையும் பாருங்க. உண்ணி மேலே ஏறுற ஜாதி!