பனித்தளத்திலிருந்து பந்தயச் சைக்கிளுக்கு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்

குச்சி ஐஸைக் கணக்கில் சேர்க்காவிட்டால், பனிக்கட்டியை நான் கையால் தொட்டது சென்ற ஆண்டு நம் ஆய்வுக்கூடத்தில்தான். உள்ளுறை வெப்பம் காணும் சோதனைக்காக வாங்கி வந்த கட்டி, கலோரிமீட்டருக்குள் போவதற்குள் பாதி கரைந்துவிட்டது. அப்படிப்பட்ட பொருளின்மேல் ஒரு மனிதன் மணிக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வேகத்தில் சென்றான் என்று படித்தபோது நம்பவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்த பின்பே நம்பினேன்.

அம்மனிதர் ஹாலந்து நாட்டின் யாப் ஏடன். 1873இல் குரோனிங்கன் நகரில் பிறந்தவர். 1894இல் நார்வேயின் ஹாமரில் 5,000 மீட்டரை 8 நிமிடம் 37.6 விநாடியில் சறுக்கிக் கடந்தார். வகுத்துப் பாருங்கள், விநாடிக்கு 9.7 மீட்டர் வருகிறது. அச்சாதனை 1911 வரை நின்றது. அக்காலத்தில் உலகப் பட்டம் பெற, நான்கு தூரங்களில் மூன்றிலாவது முதலிடம் பெற வேண்டும். 1894இல் எவருக்கும் அது கைகூடாமல் பட்டமே வழங்கப்படவில்லை. அத்தகைய பட்டத்தை ஏடன் 1893, 1895, 1896 ஆகிய ஆண்டுகளில் வென்றார்.

வியப்பு இதற்குப் பின்தான். 1894இல் ஆன்ட்வெர்ப்பில் 10 கிலோமீட்டர் சைக்கிள் பந்தயத்திலும், 1895இல் கொலோனில் குறுந்தூரப் பந்தயத்திலும் அவரே உலக வீரர்!

இது எவ்வாறு இயலும்? பனியின்மேல் எஃகுத் தகட்டுக்கு உராய்வு மிகக் குறைவு. ஆகவே வீரனின் பெரும்பகுதி உழைப்பு காற்றைத் தள்ளுவதிலேயே செலவாகிறது. சைக்கிளிலும் அதே கதைதான். வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். எனவே இரண்டிலும் முதுகை வளைத்துக் குனிந்தாக வேண்டும். சறுக்குபவன் முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் உந்துகிறான், சைக்கிள் வீரன் கீழ்நோக்கி மிதிக்கிறான். உழைப்பதோ இரண்டிலும் தொடைத்தசைதான். குளிர்காலம் போய் ஏரிகள் உருகிய பின்பும் அத்தசையைச் சோம்பவிடாமல் காப்பது சைக்கிள்.

மூன்றாம் பட்டத்துக்குப் பின் ஏடன் பணத்துக்காகச் சைக்கிள் ஓட்டும் தொழில்முறை வீரரானார். பணம் வாங்கியவருக்குப் பனிச்சறுக்கின் உலகப் போட்டியில் இடமில்லை என்பது அன்றைய விதி. அந்த விதியை வகுத்தவர்களுக்கு மறுநாள் சோற்றைப் பற்றிய கவலை இருந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. என் தந்தையார் விடியற்காலையில் சைக்கிளில் பால் கேனைக் கட்டிக்கொண்டு பதினோரு கிலோமீட்டர் மிதிக்கிறார். அந்தக் காசில்தான் நான் தேர்வுக் கட்டணம் கட்டுகிறேன். மிதித்துச் சம்பாதிப்பதில் என்ன இழுக்கு?

ஏடன் 1925இல் ஹார்லெமில் காலமானார். 1961இல் ஆம்ஸ்டர்டாமில் செயற்கைப் பனியாலான 400 மீட்டர் சறுக்குப் பாதை திறக்கப்பட்டபோது, உலகப் போட்டிக் கதவு அடைபட்ட அந்த மனிதரின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள்.