மாசக் கடைசில நிறுத்தின மாத்திரையும், அதுக்கு நான் கட்டின விலையும்

எஸ்.ஐ.பி., கிரெடிட் கார்டு, பி.எஃப். எல்லாம் பேசியாச்சு. இன்னைக்கு பேசப் போறது ரொம்ப நாளா தள்ளிப் போட்டது. பதட்டத்துக்கு, அதாவது ஆன்சைட்டிக்கு, வருஷக்கணக்கா மாத்திரை போடுறவங்க மருந்து மாத்தும்போது கையில இருக்கிற காசு எங்கெல்லாம் போகுது, அதுல எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கவே கூடாது என்பதுதான் விஷயம். நான் டாக்டர் இல்ல. மூணு வருஷமா மாத்திரை போடுற ஆள். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதை உங்க டாக்டர்தான் சொல்லணும். கணக்கு மட்டும் என்னோடது.

நான் கதிர்காமத்துல இருக்கேன். முதல் வருஷம், ஒரு மாசம் 26-ந் தேதி, அட்டையில கடைசி மாத்திரை தீர்ந்துபோச்சு. அக்கவுண்ட்ல இருந்தது 340 ரூபாய். சம்பளம் 1-ந் தேதிதான். "நாலு நாள்தானே, வந்ததும் வாங்கிக்கலாம்"னு விட்டுட்டேன். மூணாவது நாள் தலைக்குள்ள சுரீர் சுரீர்னு கரண்ட் அடிக்கிற மாதிரி ஆச்சு. வாந்தி வர்ற மாதிரி ஒரு மயக்கம். ராஜீவ் காந்தி சிலை சிக்னல்ல பைக்கை ஓரம் கட்டி பத்து நிமிஷம் பிளாட்பாரத்துல உக்காந்திருந்தேன். ரெண்டு நாள் லீவு, சம்பளப் பிடித்தம் 1,600 ரூபாய். நான் மிச்சம் பிடிச்சது ஒரு அட்டையோட விலை.

ஏன் அப்படி ஆச்சுன்னு அப்புறம்தான் புரிஞ்சது. நான் போட்டது எஸ்சிடலோபிராம். அது உடம்புல சுமார் 30 மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியா குறையும். கார் வாங்கினா வருஷா வருஷம் மதிப்பு தேயுதே, அந்தக் கணக்குதான். 30 மணி நேரத்துல பாதி, 60-ல கால், 90-ல எட்டுல ஒரு பங்கு. நாலாவது நாள் முடியும்போது உடம்புல மிச்சம் இருக்கிறது ரொம்பக் கொஞ்சம்தான். மூளை மாசக்கணக்கா அந்த மருந்தோட பழகி இருக்கு, அதுக்கு முன்னறிவிப்பே இல்லாம நிறுத்தியாச்சு. நமக்கு நோட்டீஸ் பீரியட் இல்லாம வேலை போனா எப்படி இருக்கும்?

எல்லா மருந்தும் ஒரே வேகத்துல தேயுறதில்ல. பாராக்சிடினும் வென்லாஃபாக்சினும் சீக்கிரம் வெளியேறும், அதனால திடீர்னு நிறுத்தினா தொல்லை அதிகம். ஃப்ளூவாக்சிடின் வாரக்கணக்குல தங்கும். அதே காரணத்தால அதுக்கு அடுத்து வேற சில மருந்துகளை ஆரம்பிக்க டாக்டர் பல வாரம் காத்திருக்கச் சொல்லலாம். தூக்கத்துக்கும் பதட்டத்துக்கும் கொடுக்கிற குளோனாசெபாம், அல்பிரசோலாம் வகை இன்னும் ஆபத்து. நாள்பட போட்டுட்டு பட்டுன்னு நிறுத்தினா வலிப்பே வரலாம். அல்பிரசோலாம் 'எச்1' அட்டவணையில இருக்கிற மருந்து. சீட்டு இல்லாம தரக்கூடாது, வித்த விவரத்தைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டுல எழுதி மூணு வருஷம் வைக்கணும். "தெரிஞ்ச கடை, சீட்டு கேக்க மாட்டார்"னு யாராவது சொன்னா அது உங்களுக்கு நல்லது செய்ற கடை இல்ல.

சரி, மாத்துறதுக்கு வருவோம். மருந்து மாத்துறதுன்னு நம்ம ஆட்கள் சொல்றது ரெண்டு வேற வேற விஷயம். இதைக் குழப்பிக்கிறதுலதான் பாதி காசும் பாதி நிம்மதியும் போகுது.

முதலாவது, கம்பெனி மாத்துறது. உள்ளே இருக்கிற மருந்து அதேதான், அட்டையில பேரு வேற. மெடிக்கல்ல போய் நின்னா, "தம்பி, நீங்க கேட்டது ஸ்டாக் இல்ல, கம்பெனி மாத்தி தரேன், அதே மருந்துதான்"னு சொல்வாங்க. பெரும்பாலும் உண்மைதான். ஆனா மூணு விஷயத்தை அட்டையைத் திருப்பிப் படிங்க: மருந்தோட பேரு, மில்லிகிராம், பேருக்குப் பின்னாடி ஒட்டியிருக்கிற எழுத்து. வெறும் எஸ்சிடலோபிராமும், குளோனாசெபாம் சேர்த்த எஸ்சிடலோபிராமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிப் பேர்ல வருது. கடையில கூட்டமா இருந்தா மாறிப் போறது சாதாரணம். "அண்ணே, இதுல ப்ளஸ்னு போட்டிருக்கே"னு நான் ஒரு தடவை கேட்டதுல ஒரு மாசத்துக்குத் தேவையில்லாத தூக்க மருந்து தப்பிச்சது.

காசு மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுதான். மக்கள் மருந்தகத்துல மருந்துப் பேர்லயே விக்கிறாங்க, பிராண்டு விளம்பரச் செலவு அதுல இல்ல. தமிழ்நாட்டுல இருக்கிறவங்களுக்கு 2025 பிப்ரவரியில இருந்து முதல்வர் மருந்தகமும் இருக்கு. எஸ்சிடலோபிராம் மாதிரி அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருக்கிறதுக்கு அரசே உச்ச விலை வைக்குது. பட்டியல்ல இல்லாததுக்கு கம்பெனி வருஷத்துக்கு 10 சதவீதம் வரை ஏத்தலாம். மாசா மாசம் வாங்குற மருந்துக்கு வருஷம் 10 சதவீதம்னா, கூட்டு வட்டி நமக்கு எதிரா ஓடுதுன்னு அர்த்தம். ஒரு கம்பெனி ஒத்துப்போச்சுன்னா அதையே தொடருங்க, மாசத்துக்கு ஒரு கம்பெனி வேண்டாம். மாத்தினா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

ரெண்டாவது, மருந்தையே மாத்துறது. எஸ்சிடலோபிராம்ல இருந்து செர்ட்ராலினுக்கு, இல்ல வேற வகைக்கு. சரியா வேலை செய்யல, எடை ஏறுது, பகல்ல தூக்கம் சொக்குது, தாம்பத்தியத்துல ஈடுபாடு போச்சு, இப்படிக் காரணங்கள் இருக்கும். கடைசிக் காரணத்தை நம்ம ஊர்ல யாரும் டாக்டர்கிட்ட சொல்றதில்ல. சொல்லாம தானாவே நிறுத்திடறாங்க. இந்த மருந்துகள்ல அது ரொம்ப சாதாரணமா வர்ற பக்கவிளைவு. டாக்டருக்கு அது புதுசே இல்ல, தாராளமா சொல்லுங்க.

இந்த மாத்தத்தை டாக்டர் செய்யுற விதங்கள் இருக்கு. சில சமயம் நேரா இன்னைக்கு இது, நாளைக்கு அது. சில சமயம் பழசைக் குறைச்சுக்கிட்டே புதுசை ஏத்துறது. சில சமயம் பழசை முழுக்க இறக்கி, இடைவெளி விட்டு, அப்புறம் புதுசு. எதுவா இருந்தாலும் புதுசு வேலை செய்யுதா இல்லையான்னு தெரிய சாதாரணமா 4-ல இருந்து 6 வாரம். முதல் ரெண்டு வாரம் பதட்டம் கூடக்கூட செய்யலாம். அந்த நேரத்துல உயிரை விட்டுடலாம்ங்கிற நினைப்பு வந்தா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க, அன்னைக்கே டாக்டரைக் கூப்பிடுங்க. 14416, டெலி மானஸ், 24 மணி நேரமும் இலவசம், தமிழ்ல பேசலாம்.

இப்போ என் நோட்டுல இருக்கிற கணக்கு. சாதாரணமா ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை டாக்டர், கட்டணம் 600. மருந்து மாத்தின அந்த ஆறு வாரத்துல மூணு தடவை போனேன், 1,800. மொத்தமா வாங்கி வச்சிருந்த பழைய மாத்திரை ரெண்டு அட்டை வீண், 260. புதுசுல முதல்ல சின்ன டோஸ் அட்டை, அப்புறம் பெரிய டோஸ் அட்டை, 540. ஆட்டோ 450, அந்த நிலைமையில பைக் ஓட்ட பயம். தூக்கம் கெட்டு போட்ட லீவுல ரெண்டு நாள் பிடித்தம், 1,600. மொத்தம் 4,650. என் சம்பளம் அப்போ 24,000. கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு. எமர்ஜென்சி ஃபண்டுன்னு நான் வீடியோவுல கத்திக்கிட்டே இருக்கிறது வேலை போறதுக்கு மட்டும் இல்ல. டாக்டர் "மாத்திப் பார்க்கலாமா"ன்னு கேட்ட அன்னைக்கே ஒரு 5,000-ஐத் தனியா ஒதுக்குங்க. மாத்துற காலத்துல மூணு மாச மருந்தை ஆஃபர்ல வாங்காதீங்க, 15 நாள் அளவுக்கு மட்டும். அவசரம் இல்லாத மாத்தமா இருந்தா, அப்ரைசல், வீடு மாத்துறது, புது வேலையில சேர்றது இதுக்கெல்லாம் முன்னாடியா பின்னாடியான்னு டாக்டர்கிட்டயே கேளுங்க.

இப்போ எனக்கே வெட்கமான பகுதி. இந்த 600 ரூபாய் டாக்டர்கிட்ட நான் போய்க்கிட்டிருந்த காலம் முழுக்க, என் வீட்டுல இருந்து நடந்து போற தூரத்துல, வழுதாவூர் சாலையில, இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி இருந்தது. மனநலப் பிரிவோட. கோரிமேட்டுல ஜிப்மர் இருக்கு, அதோட வேர் 1823-ல பிரெஞ்சுக்காரங்க ஆரம்பிச்ச மருத்துவப் பள்ளி. ரெண்டும் தெரியும், தெரிஞ்சும் போகல. ஏன்னா ஓ.பி. வரிசையில பக்கத்து வீட்டு அக்கா பாத்துட்டா? அம்மாகிட்ட சொல்லிட்டா? அந்த ஒரு பயத்துக்கு நான் வருஷத்துக்குக் கட்டின விலை டாக்டர் கட்டணம், ஆட்டோ எல்லாம் சேர்த்து 6,000-க்கு மேல.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் (2018 மே 29 முதல் நடைமுறை) என்ன சொல்லுதுன்னா, அத்தியாவசியப் பட்டியல்ல இருக்கிற மனநல மருந்துகளை சமுதாய நல மையத்துல தொடங்கி மேல உள்ள அரசு மருத்துவமனைகள்ல இலவசமா தரணும். கவனிங்க: பட்டியல்ல இருக்கிறது. உங்க தனியார் டாக்டர் எழுதினது அங்கே இல்லாம, அதே வேலைக்கு வேற மருந்து இருக்கலாம். அப்போ "இதுவும் பதட்டத்துக்குத்தானே"ன்னு நீங்களா மாறிடக்கூடாது, அது ரெண்டாவது வகை மாத்தம். பழைய சீட்டு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போய் அங்கே இருக்கிற டாக்டர்கிட்ட "எனக்கு மாசம் இவ்வளவுதான் முடியும்"னு வாய்விட்டுச் சொல்லுங்க. காசுக்காக மருந்து மாத்துறது தப்பே இல்ல. காசுதான் காரணம்னு டாக்டருக்குத் தெரியாம மாத்துறதுதான் ஆபத்து.

சம்பளம் 21,000-க்குள்ள இருந்தா இ.எஸ்.ஐ. உண்டு. என் முதல் வேலையில 17,500 சம்பளம், மாசம் 132 ரூபாய் பிடிச்சாங்க, கம்பெனி 569 போட்டுச்சு. பே-ஸ்லிப்புல ஏதோ பிடித்தம்னு நினைச்சு விட்டுட்டேன். வெளிநோயாளி ஆலோசனை, மருந்து எல்லாமே அதுல வரும். கோரிமேட்டுலயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கு. தனியார் ஹெல்த் இன்சூரன்ஸ் பெரும்பாலும் தராதது இந்த ஓ.பி. செலவைத்தான், அதனால 132 ரூபாயைக் குறைச்சு மதிக்காதீங்க.

இன்சூரன்ஸ் பத்தி வேகமா. அந்த 2017 சட்டத்தோட 21(4) பிரிவுப்படி உடல் நோய்க்கு இருக்கிற அதே அடிப்படையில மன நோய்க்கும் காப்பீடு தரணும். 2022 அக்டோபர் 31-க்குள்ள எல்லா பாலிசியும் இதுக்கு இணங்கணும்னு ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொல்லிடுச்சு. ஆனா அது முக்கியமா அட்மிஷன் செலவுக்கு. பாலிசி எடுக்கும்போது "மாத்திரை போடுறேன்"னு மறைக்காம எழுதுங்க. பிரீமியம் கூடலாம், காத்திருப்புக் காலம் வரலாம், அதிகபட்சம் 3 வருஷம். மறைச்சிட்டு கிளைம் அன்னைக்கு மாட்டுறது அதைவிடச் செலவு. வேலை மாறும்போது கம்பெனி குரூப் பாலிசி கடைசி நாளோட போயிடும், இடையில ஒரு மாசம் வெறுங்கையா நிக்காதீங்க. வரிக் கணக்குல, பழைய முறையில இருந்தா பிரீமியத்துக்குக் கழிவு வரும். மாத்திரை பில்லும் டாக்டர் கட்டணமும் நம்ம வயசுக்கு அதுல வராது, அந்த பில்லை ஹெச்.ஆர்.கிட்ட கொடுத்து ஏமாறாதீங்க.

இன்னொண்ணு. பல்லு வலிக்கோ முதுகு வலிக்கோ வேற டாக்டர்கிட்ட போனா நீங்க போடுற மாத்திரையைச் சொல்லுங்க. டிரமடால் மாதிரி சில வலி மருந்தும், சில இருமல் மருந்தும் இதோட ஒத்துப்போகாது. நான் போன் வால்பேப்பர்லயே மருந்துப் பேரையும் டோஸையும் எழுதி வச்சிருக்கேன்.

இப்போ நான் போறது கதிர்காமம் ஓ.பி.க்குத்தான். மூணாவது தடவை போனப்போ, வரிசையில எனக்கு ரெண்டு பேருக்கு முன்னாடி பக்கத்து வீட்டு அக்காவே நின்னாங்க, கையில அவங்க சீட்டு. "நீயும் இங்கதானாப்பா?"ன்னு கேட்டாங்க. "ஆமாக்கா"ன்னேன். டோக்கன் கூப்பிடுற வரைக்கும் ரெண்டு பேரும் கேஸ் சிலிண்டர் விலையைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம். போன்ல மாசா மாசம் 20-ந் தேதி ஒரு அலாரம் இருக்கு: "அட்டையை எண்ணு". ஏழு மாத்திரைக்குக் கீழ போனா அன்னைக்கே போயிடுவேன், 26 வரைக்கும் விடறதில்ல.