வெதுவெதுப்பாக ஓர் எலி

ஃப்ரீஸரிலிருந்து எடுத்த எலி கல்லாட்டம் இருக்கும். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைத்து உறைவு நீங்கச் செய்கிறார்கள். மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. ஓரிடம் வெந்தும் ஓரிடம் பச்சையாகவும் போய்விடும். மறுநாள், உறையோடு வெந்நீரில் அமிழ்த்திச் சூடேற்றி, இடுக்கியால் பிடித்துப் பாம்பின் முன் நீட்டுகிறார்கள். நாக்கு இரண்டு முறை வெளியே வந்து போகிறது. அப்புறம் பாம்பு தலையைத் திருப்பிக்கொள்கிறது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பந்து மலைப்பாம்பு வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த ஏமாற்றம். பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் இந்தச் சிறிய மலைப்பாம்பு, கானா, டோகோ, பெனின் பக்கத்துப் புல்வெளிகளைச் சேர்ந்தது. உயிருள்ள எலியையே விட்டுவிட்டால் என்ன என்று தோன்றும். தப்ப வழியில்லாத எலி திருப்பிக் கடிக்கும். பசியில்லாத பாம்பின் முதுகைக் குதறிக்கூட வைக்கும். எலிக்கும் அது கொடுமையான சாவு. அதனால்தான் வலியில்லாமல் கொன்று உறைய வைத்த எலி.

ஆனால் பாம்பு ஏன் அதை மதிப்பதில்லை? பிடிவாதம் என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. பகலெல்லாம் எலிவளையிலோ கறையான் புற்றிலோ கிடந்து, இருட்டிய பிறகு வேட்டையாடும் பிராணி அது. நாக்கு அள்ளி வரும் வாசனைத் துகள்களை மேலண்ணத்திலுள்ள ஜேக்கப்சன் உறுப்பு படிக்கிறது. உதட்டோரமாக வரிசையாக இருக்கும் குழிகளோ வெப்பத்தை உணர்கின்றன.

அந்தக் குழிகளின் சூட்சுமம் 2010இல்தான் துலங்கியது. வெப்பத்தை நரம்புத் துடிப்பாக மாற்றும் புரதத்தை சான்ஃபிரான்சிஸ்கோவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் அடையாளம் கண்டது. அதன் பெயர் டிஆர்பிஏ1. இதே புரதம் நம்மிடமும் உண்டு. அரைத்த கடுகின் நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வரவைக்கிறதே, அந்த எரிச்சலை உணர்வது இதுதான். நமக்குக் கடுகு, மலைப்பாம்புக்கு எலியின் உடம்புச் சூடு. அந்தச் செய்தி மூளையில், கண் காணும் காட்சியும் வந்து சேருகிற பகுதிக்கே போகிறது.

அப்படியானால் அறையின் சூட்டிலேயே இருக்கும் எலி, அந்த உதட்டுக்குச் சுவரிலிருந்து வேறுபட்டதே அல்ல. உயிருள்ள எலியின் சூடான 38 டிகிரி செல்சியஸ் அளவுக்கு அதைக் கொண்டுவர வேண்டும். அனுபவசாலிகள் ஈரத்தைத் துடைத்து, ஹேர் டிரையரால் தலையை மட்டும் இன்னும் கொஞ்சம் சூடாக்குவார்கள். விளக்கை அணைத்துவிட்டு, எலி நடப்பதுபோல இடுக்கியை மெல்ல அசைப்பார்கள். அப்படியும் தொடாவிட்டால் வாசனைக்காக எலிக்கூண்டின் மரத்தூளில் புரட்டி எடுப்பார்கள். பொறுமைதான் முக்கியம். நன்றாக வளர்ந்த பந்து மலைப்பாம்பு மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் உடம்பு பெரிதாகக் குறையாமல் இருக்கும்.

ஒருவழியாகப் பாய்ந்து கவ்விவிட்டது என்று வையுங்கள். செத்த எலியையும் அது சுற்றி வளைத்து இறுக்குகிறது. எப்போது விடுவது என்று அதற்கு எப்படித் தெரியும்? அமெரிக்காவின் டிக்கின்சன் கல்லூரியில் ஸ்காட் போபேக் குழுவினர், போவா என்ற பெரும்பாம்பை வைத்து இதைச் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். செத்த எலிகளுக்குள் செயற்கை இதயத்தைப் பொருத்தி, வெளியிலிருந்து துடிக்கவைத்தார்கள். இதயம் துடிக்கும் எலியைப் பாம்புகள் அதிக நேரம், அதிக பலத்தோடு இறுக்கின. நடுவில் துடிப்பை நிறுத்தியதும் சீக்கிரமே விட்டுவிட்டன. உயிருள்ள இரையையே அறியாத பாம்புகளுக்கும் அந்தத் துடிப்பு புரிந்தது. எங்கேயும் கற்றுக்கொள்ளாத அறிவு அது!

போபேக் குழுவின் இந்தச் சோதனையைப் படித்த பிறகு, கண்ணாடித் தொட்டிக்குள் நடப்பது எனக்கு வேறாகத் தெரிகிறது. வெந்நீர் தந்த சூட்டை நம்பிப் பாய்ந்த பாம்பு, சுருள்களுக்குள் ஓர் இதயத்தைத் தேடுகிறது. துடிப்பு இல்லை. பிடி மெல்லத் தளர்கிறது. நாக்கு எலியின் ரோமத்தின் மேல் ஊர்ந்து, விழுங்கத் தொடங்குவதற்குத் தலை எந்தப் பக்கம் என்று பார்க்கிறது.