கேட்டு எழுதி வைப்போம்

"உங்க தாத்தாவோட அப்பா பேர் என்னப்பா?" பள்ளியில் வம்ச விருட்சம் எழுதி வரச் சொன்னார்களாம், மகள் கேட்டாள். விழித்தேன். தெரிந்திருந்த பெரியப்பா போன வருஷம் காலமாகிவிட்டார்.

அந்த வாரம் நான் படித்துக்கொண்டிருந்தது டேனியல் பூனின் குடும்ப வரலாறு. அமெரிக்கா ஆங்கிலேயர் வசமிருந்த காலத்தில் எல்லைப்புறக் காடுகளில் குடியேறியவர். பிறந்தது 1734-ல், பென்சில்வேனியாவில். 1775-ல் சகாக்களுடன் கென்டக்கிக்குப் பாதை வெட்டினார். அது ஷானி, செரோக்கி பழங்குடிகள் வேட்டையாடி வந்த மண் என்பதையும் மறக்கலாகாது. 1820-ல் மிசௌரியில் மறைந்தார்.

ஊர் ஊராகப் பெயர்ந்த குடும்பத்தின் வேர் எப்படிக் கிடைத்தது? பெரும்பாலும் குவேக்கர் சபைக் குறிப்பேடுகளில்! தாத்தா ஜார்ஜ் 1717-ல் இங்கிலாந்தின் டெவன் பகுதியிலிருந்து வந்தவர். மகன் சபைக்கு வெளியே பெண் எடுத்ததை ஆதரித்ததால், நெசவாளியான தந்தை ஸ்குயர் சபையிலிருந்து நீக்கப்பட்டார்.

ஏடுகளில் இல்லாதது? லைமன் டிரேப்பர் என்பவர் 1851-ல் பூனின் கடைசி மகன் நாதனின் வீட்டுக்கே போய், கேட்டுக் கேட்டு எழுதினார். நாதனுக்கு அப்போது எழுபது வயது. 1856-ல் அவரும் போய்விட்டார். டிரேப்பர் தாமதித்திருந்தால்?

பெரியப்பாவிடம் கேட்க எனக்குத்தான் நேரமில்லாமல் போயிற்று. ஊரில் அத்தை இருக்கிறார்; எண்பதைத் தாண்டியவர். வரும் பொங்கலுக்குப் போகிறோம். மகள் இப்போதே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்துவிட்டாள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு அத்தை இருப்பாரே?